பேச முடியாத பேய்: நண்பர்களோடு மிஸ்டீரியம் விளையாட ஒரு முழு வழிகாட்டி

சனிக்கிழமை ராத்திரி ஐந்து பேர் வீட்டுக்கு வருகிறார்கள், ஒரு பேய் விளையாட்டு ஆடப்போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னேன். "காசு வெச்சு ஆவியைக் கூப்பிடறதா? அதெல்லாம் இந்த வீட்டுல வேண்டாம்" என்றார். காலேஜ் ஹாஸ்டல்களில் நடக்கும் அந்தச் சமாச்சாரத்தை அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். ஓயிஜா போர்டு என்ற அந்த ஆவிப் பலகையே 1891-ல் அமெரிக்காவில் எலைஜா பாண்ட் என்பவர் காப்புரிமை வாங்கிய கடைச்சரக்குதான், நாங்கள் ஆடப்போவது அதுகூட இல்லை, வெறும் படம் போட்ட அட்டைகள் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. முதல் ஆட்டம் முழுக்கச் சமையலறை வாசலில் நின்றபடி பார்த்தார். இரண்டாவது ஆட்டத்தில் அவரே பேயாக உட்கார்ந்தார்.

அந்த விளையாட்டின் பெயர் மிஸ்டீரியம். பேய்க் கதை போட்ட போர்டு கேம்கள் நிறைய இருக்கின்றன. பலவற்றில் கெட்டியான விதிப்புத்தகம், அட்டைக்கு அட்டை பொடி எழுத்தில் ஆங்கிலம். வந்திருப்பவர்களில் இரண்டு பேர் பாதியில் போனை எடுத்துவிடுவார்கள். மிஸ்டீரியத்தில் அந்தத் தொல்லை இல்லை. விதிகளை ஒருவர் படித்துச் சொல்லிவிட்டால் போதும், மற்றதெல்லாம் படம்தான். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத அத்தையும் பத்து வயதுப் பையனும் சமமாக ஆடலாம்.

இது எப்படிப்பட்ட விளையாட்டு

க்ளூடோ ஆடியிருப்பீர்கள். யார் கொன்றது, எந்த அறையில், எந்த ஆயுதத்தால் என்று கண்டுபிடிக்கும், 1949-ல் இங்கிலாந்தில் வந்த பழைய ஆட்டம். மிஸ்டீரியத்திலும் கேள்விகள் அவையேதான். ஆனால் இங்கே செத்துப்போன ஆளே கூட உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும், வாய் திறக்க மட்டும் முடியாது.

கதை 1920-களில் நடக்கிறது. மெக்டவல் என்ற ஜோதிடர் ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டுக்குக் குடிபோகிறார். உள்ளே காலை வைத்ததுமே ஏதோ ஒன்று உலவுவதை உணர்கிறார். ஆவிகளோடு தொடர்புகொள்ளத் தெரிந்த மீடியம்களை அழைக்கிறார். அவர்களுக்கு இருப்பது ஏழு மணி நேரம் (ஆட்டத்தில் ஒரு சுற்றுதான் ஒரு மணி நேரம்). அதற்குள் அந்த ஆவியின் சாவுக்குக் காரணமானவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒருவர் பேய், மற்றவர்கள் மீடியம்கள். எல்லோரும் ஒரே கட்சி. ஜெயித்தால் எல்லோரும் ஜெயிப்போம், தோற்றால் பேயும் சேர்ந்து தோற்கும். யாரும் யாரையும் வெட்டி வீழ்த்த வேண்டியதில்லை என்பதால், கேரம்போர்டில்கூட கோபித்துக்கொண்டு எழுந்து போகும் என் நண்பர் ஒருவர் இதில் மட்டும் கடைசிவரை உட்காருகிறார்.

உக்ரைனைச் சேர்ந்த ஒலெக்சாண்டர் நெவ்ஸ்கி, ஒலெக் சிடோரென்கோ இருவரும் உருவாக்கியது. 2013-ல் போலந்தில் வேறு பெயரில் வந்தது. 2015-ல் பிரான்சின் லிபெல்லுட் நிறுவனம் புதுப்படங்களோடு கொண்டுவந்த பதிப்பைத்தான் இப்போது எல்லோரும் ஆடுகிறார்கள். 2 முதல் 7 பேர் ஆடலாம், பத்து வயதுக்கு மேல். பெட்டியில் 42 நிமிடம் என்று போட்டிருக்கும். முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிவையுங்கள்.

எத்தனை பேர், யார் பேய்

ஐந்து அல்லது ஆறு பேர் இருந்தால் களைகட்டும். இரண்டு மூன்று பேரோடும் ஆட முடியும், ஆனால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுத்துச் சத்தம் போடும் சுகம் அதில் கிடைக்காது.

முதல் ஆட்டத்தில் பேயாக உட்கார வேண்டியவர் விதிகள் தெரிந்தவர், அதாவது நீங்கள். ஆட்டம் முழுக்கப் பேயின் கையில்தான் ஓடுகிறது. புதியவர் அந்த இடத்தில் உட்கார்ந்தால், "இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று கேட்கவாவது வாயைத் திறந்தாக வேண்டும். திறந்தால் போச்சு.

கூட்டம் வருவதற்கு முன்னால்

மேசை பெரிதாக வேண்டும். இல்லையென்றால் பாய் விரித்துத் தரையில் பரப்புங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஓர் ஓரத்தில் மஞ்சள் விளக்கு வையுங்கள். மெழுகுவத்தி மட்டும் ஏற்றினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் துப்பு மூலையில் இருக்கும் ஒரு சின்ன சாவியில் ஒளிந்திருக்கலாம். அது கண்ணில் படாவிட்டால் பேய் எவ்வளவு நல்ல அட்டை கொடுத்தும் பிரயோசனம் இல்லை.

அப்புறம் ஃபேன். இதை எந்த விதிப்புத்தகமும் சொல்லாது. ஐந்தாம் எண்ணில் வைத்தால் அட்டைகள் புரளும், பேய் ஒளித்துவைத்திருப்பதும் பறந்து வந்து எல்லோர் முன்னாலும் விழும். எங்களுக்கு ஒருமுறை அப்படி விழுந்து, ஆட்டத்தைக் கலைத்து மறுபடி ஆரம்பித்தோம். இரண்டில் வையுங்கள்.

பஜ்ஜியை ஆட்டத்துக்கு முன்போ பின்போ கொடுங்கள். நடுவில் வேர்க்கடலை போதும்.

அட்டைகளைப் பரப்புவது

பெட்டியில் மூன்று வகை அட்டைகள் உண்டு: சந்தேகப்படும் ஆட்கள், இடங்கள், பொருட்கள். வகைக்கு 18. ஒவ்வொன்றும் இரண்டு பிரதியாக இருக்கும், ஒன்று மீடியம்களுக்கு, ஒன்று பேய்க்கு. இரண்டிலும் ஒரே எண்.

முதலில் ஆட்கள் அட்டையைக் கலைத்து, தேவையான எண்ணிக்கையை மேசையில் எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். எத்தனை என்பது ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையையும் எவ்வளவு கடினமாக ஆடப்போகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. அதற்கு விதிப்புத்தகத்தில் பட்டியல் இருக்கிறது. முதல் தடவை சுலபமான நிலையே போதும், வீறாப்பு வேண்டாம். மேசையில் இருக்கும் அதே எண்களுள்ள அட்டைகளைப் பேயின் கட்டிலிருந்து பொறுக்கி, கலைத்து, ஒரு மீடியத்துக்கு ஒன்றாக, பேய்க்கு முன்னால் நிற்கும் திரைக்குப் பின்னால் செருக வேண்டும். மிச்சத்தை யாரும் பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். இடங்களுக்கும் பொருட்களுக்கும் இதையே செய்யுங்கள்.

இப்போது ஒவ்வொரு மீடியத்துக்கும் தனியாக ஓர் ஆள், ஓர் இடம், ஒரு பொருள் விதிக்கப்பட்டிருக்கிறது. இருவருக்கு ஒரே அட்டை வராது. அது பேய்க்கு மட்டும் தெரியும்.

இவை போகக் கனவு அட்டைகள், மொத்தம் 84. பேய் இவற்றில் ஏழைக் கையில் எடுத்துக்கொள்ளும். இவற்றில் எழுத்து கிடையாது, தலையும் காலும் புரியாத ஓவியங்கள்தான். ஜுரத்தில் வரும் கனவு மாதிரி இருக்கும்.

பெட்டி கையில் இல்லை என்றால்

கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நாங்கள் முதலில் ஆடியதே வீட்டில் செய்ததை வைத்துத்தான். பழைய வாரப் பத்திரிகை, காலண்டர், குழந்தைகள் புத்தகம் எல்லாவற்றிலிருந்தும் எழுபது எண்பது படங்களை ஒரே அளவாக வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். ஒரு படத்தில் ஒரே விஷயம் மட்டும் இருந்தால் ஆட்டம் சப்பென்று போகும். நான்கைந்து விஷயங்கள் கலந்திருக்க வேண்டும். டிக்ஸிட் என்ற விளையாட்டு உங்களிடம் இருந்தால் அதன் அட்டைகளே போதும், அதுவும் லிபெல்லுட் போட்டதுதான், படங்களும் ஏறக்குறைய இதே ஜாதி.

ஆள், இடம், பொருளுக்கு உங்கள் ஊரையே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பட்டியலில் மொட்டை மாடி, மோட்டார் ரூம், மாடிப்படிக்குக் கீழே செருப்பு விடும் இடம் இருந்தன. ஆயுதங்களில் அம்மிக்குழவி, இஸ்திரிப்பெட்டி, அரிவாள்மனை. ஆட்களில் பால்காரர், கேபிள்காரர், எல்.ஐ.சி. ஏஜென்ட். பேய்க்கு அதே பட்டியலைத் துண்டுச்சீட்டில் இன்னொரு பிரதி எழுதிவிட்டால் ஆட்டம் தயார். பெயரை மட்டும் எழுதாமல், கோணலாக இருந்தாலும் படம் வரையுங்கள். படமும் படமும் ஒன்றையொன்று கூப்பிட்டால்தான் இந்த ஆட்டம்.

ஐந்து நிமிடத்தில் விளக்குங்கள்

விதிகளை முழுக்க ஒப்பிக்காதீர்கள். நான் சொல்வது இவ்வளவுதான்:

"நான் செத்துட்டேன். உங்க ஒவ்வொருத்தருக்கும் ஓர் ஆள், ஓர் இடம், ஓர் ஆயுதம்னு வெச்சிருக்கேன். ஒவ்வொரு மணி நேரமும் உங்களுக்குக் கனவு அனுப்புவேன். முதல்ல ஆளைக் கண்டுபிடிக்கணும், அப்புறம் இடம், அப்புறம் ஆயுதம். ஏழு மணிக்குள்ள எல்லாரும் முடிக்கணும், ஒருத்தர் விட்டாலும் எல்லாரும் அவுட். இனிமே நான் பேச மாட்டேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிஜமாகவே வாயை மூடுங்கள். அறையில் ஒரு சின்ன அமைதி விழும். யாராவது ஒருவர் சிரித்தபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பார். பதில் சொல்லாதீர்கள். இரண்டாவது தடவை கூப்பிடும்போது அந்தக் குரலில் சிரிப்பு குறைந்திருக்கும்.

டோக்கன், புள்ளிக்கணக்கெல்லாம் வரும்போது சொல்லலாம். பேய் பேசக் கூடாதே என்றால், அவற்றை மட்டும் மீடியம்களில் ஒருவருக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

ஒரு மணி நேரம் எப்படி ஓடும்

பேய் தன் கையிலிருக்கும் ஏழிலிருந்து ஒருவருக்கு ஒன்றோ பலவோ அட்டைகளைக் கொடுக்கும். கொடுத்த உடனே கையை மறுபடி ஏழாக நிரப்பிக்கொண்டு அடுத்தவருக்குப் போகும். கடைசி ஆளுக்குக் கொடுத்ததும் மணல் கடிகாரத்தைத் திருப்ப வேண்டும். மணல் இறங்குவதற்குள் ஒவ்வொருவரும் தன் டோக்கனை ஏதாவது ஓர் அட்டை மேல் வைத்தாக வேண்டும். தாராளமாகக் கலந்து பேசலாம், அடுத்தவர் கனவை எட்டிப் பார்க்கலாம்.

பிறகு பேய் ஒவ்வொருவராகச் சரியா தப்பா என்று தெரிவிக்கும். சரியென்றால் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு, கனவுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம். தப்பென்றால் கனவுகள் கையிலேயே இருக்கும், அடுத்த மணியில் இன்னும் கனவு வந்து சேரும். எல்லோருக்கும் சொல்லி முடித்ததும் கடிகார முள் ஒரு மணி நகரும்.

சரி, தப்பு தெரிவிக்க நாங்கள் தட்டும் முறையை வைத்திருக்கிறோம். ஒரு தட்டு சரி, இரண்டு தட்டு தப்பு. முதல் தட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருக்கும் அரை வினாடியில் ஆளுக்கு உயிர் போய் உயிர் வரும். தட்டும் ஆவிகளுக்குப் பெரிய சரித்திரமே உண்டு. 1848-ல் நியூயார்க் மாநிலத்தில் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில் ஃபாக்ஸ் சகோதரிகள் இருந்த வீட்டில் கேட்ட தட்டும் சத்தத்தில்தான் அமெரிக்காவின் ஆவி மோகமே கிளம்பியது. நாற்பது வருஷம் கழித்து, 1888-ல், அவர்களில் ஒருவரான மார்கரெட் மேடையேறி, அது கால்விரல் மூட்டைச் சொடுக்கிய சத்தம்தான் என்று ஒப்புக்கொண்டார். நீங்கள் விரல் முட்டியால் தட்டினாலே போதும்.

பேயாக இருப்பது

இந்த விளையாட்டின் சூட்சுமம் முழுக்க இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதிய பேய்கள் செய்யும் முதல் தப்பு, அதிக அட்டை கொடுப்பது. சமையல்காரரைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஒன்றில் வெள்ளைத் துணி, ஒன்றில் நெருப்பு, ஒன்றில் பழம் என்று மூன்றைக் கொடுப்பீர்கள். மூன்றும் சேர்ந்தால் உங்களுக்குத் தெளிவு. வாங்கியவருக்கோ மூன்று படத்தில் இருபது விஷயங்கள் தெரியும், அதில் எது முக்கியம் என்பது தெரியாது. பாதிப் பொருத்தமான மூன்றைவிட நல்ல ஒன்று மேல். இரண்டு கொடுத்தால் இரண்டுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று இருக்கட்டும். மீடியம்கள் இயல்பாகவே பொதுவானதைத்தான் தேடுவார்கள்.

இரண்டாவது, நிறம். கனவு அட்டையைப் பார்த்ததும் முதலில் மனதில் பதிவது நிறம்தான். இடத்தின் படம் நீலமாக இருந்து, உங்கள் கையில் நீல அட்டை இருந்தால் யோசிக்காமல் கொடுங்கள். ஆனால் மேசையில் வேறு எந்த அட்டை நீலம் என்று கொடுப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள். நான் ஒருமுறை நீலத்துக்காக ஒன்றைக் கொடுத்தேன். வாங்கிய நண்பர் நீலத்தைக் கவனிக்கவே இல்லை. வலது மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஏணி இருக்கும் அறைக்குப் போய்விட்டார். "இவ்வளவு தெளிவா ஏணியைக் காட்டறான், இதுகூடப் புரியலையா உங்களுக்கு?" என்று மற்றவர்களை அதட்டவும் செய்தார். திரைக்குப் பின்னால் நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதிரி நேரத்தில்தான் காது முக்கியம். அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். யார் நிறம் பார்க்கிறார், யார் பொருட்களை எண்ணுகிறார், யார் படத்தின் சோகம் சந்தோஷத்தைப் பார்க்கிறார் என்பது இரண்டாம் மணிக்குள் தெரிந்துவிடும். ஏணி நண்பருக்கு அதற்குப் பிறகு நான் நிறத்துக்காக எதுவும் கொடுக்கவில்லை. மூலையில் இருப்பதை மட்டும் பார்த்துக் கொடுத்தேன், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது, முகம். திரை உங்கள் அட்டைகளைத்தான் மறைக்கும், முகத்தை இல்லை. சரியான விடைக்குப் பக்கத்தில் யாராவது விரல் வைத்ததும் புருவம் தூக்கினால் அதுவும் பேசியதாகவே கணக்கு. நான் நெற்றிவரை ஒரு துண்டைப் போட்டுக்கொள்வேன். மீடியம்கள் பேசும்போது கண் திரைக்குப் பின்னால் இருக்கும் அட்டைகள் மேலேயே இருக்கட்டும். நிமிரவே நிமிராத ஆளைப் பார்த்தால் கொஞ்சம் திகிலாகவும் இருக்கும்.

கையில் இருக்கும் ஏழுமே உதவாத நிலை வரும், கட்டாயம் வரும். அதற்குத்தான் காகம் என்ற டோக்கன். காகத்தைப் பயன்படுத்தினால் வேண்டாத அட்டைகளைக் கழித்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். சுலபமான நிலையில் ஒவ்வொரு மணியிலும் ஒருமுறை, நடுத்தரத்தில் ஆட்டம் முழுவதற்கும் மூன்று முறை, கடினத்தில் ஒரே ஒரு முறை. ஐரோப்பியர்கள் காகத்தை எந்த நினைப்பில் வைத்தார்களோ, எங்கள் வீட்டில் அது வந்ததும் "பாட்டி வந்தாச்சு, சோறு வை" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. பேய் சிரிக்கக் கூடாது என்பதைக் காப்பாற்றுவது அப்போதுதான் பெரும்பாடு.

ஒருவர் பின்தங்கினால் நல்ல அட்டைகளை அவருக்கே முதலில் கொடுங்கள். ஒருவர் முடிக்காவிட்டாலும் எல்லோருக்கும் தோல்விதான்.

மீடியம்களுக்கு

உங்களுக்கு நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கனவைப் பார்த்ததும் தோன்றியதைச் சத்தமாகச் சொல்லுங்கள், பேய் கேட்டுக்கொண்டிருக்கிறது. எது விடையாக இருக்க முடியாது என்று கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் இரண்டு மூன்றுதான் மிஞ்சும். பழைய கனவுகளைத் தள்ளிவைக்காமல் புதியதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேய் எதைத் திருத்த முயல்கிறது என்பது அப்போது தெரியும்.

நான்கு பேரோ அதற்கு மேலோ ஆடினால், டிக்கும் பெருக்கல் குறியும் போட்ட சிறு டோக்கன்கள் உண்டு. அடுத்தவர் தேர்வு சரி என்று பட்டால் டிக், தப்பு என்று பட்டால் பெருக்கல். உங்கள் கணிப்பு பலித்தால் ஒரு பக்கமாக இருக்கும் புள்ளிப்பாதையில் ஒரு படி முன்னேறுவீர்கள். நாலாம் மணி முடிந்ததும் செலவழித்த டோக்கன்கள் எல்லாம் திரும்பக் கிடைக்கும், அதனால் அதுவரை கஞ்சத்தனம் வேண்டாம். பலர் பத்திரப்படுத்திவைத்து வீணாக்குவார்கள். ஆள், இடம், பொருள் மூன்றையும் சீக்கிரம் முடித்தவருக்கு மீதமுள்ள மணிகளுக்கு ஏற்பப் புள்ளி கிடைக்கும். இந்தப் புள்ளிகள் எதற்கு என்பது கடைசியில்தான் தெரியும்.

கடைசி வாக்கெடுப்பு

ஏழு மணிக்குள் எல்லோரும் முடித்துவிட்டால் மேசையில் ஆளுக்கொரு தொகுப்பு இருக்கும்: ஆள், இடம், ஆயுதம். அவற்றில் ஒன்றுதான் நிஜம். பேய் அவற்றில் ஒன்றை ரகசியமாகத் தேர்ந்தெடுத்து, மூன்று கனவு அட்டைகளை எடுக்கும். ஒன்று ஆளைக் குறிக்கும், ஒன்று இடத்தை, ஒன்று பொருளை. அவற்றைக் கலைத்துக் கவிழ்த்துவைக்கும். எது எதைக் குறிக்கிறது என்று சொல்லாது.

முதல் அட்டையை எல்லோரும் பார்க்கலாம். புள்ளிப்பாதையில் கீழே இருப்பவர்கள் அதை மட்டும் பார்த்து வாக்களிக்க வேண்டும். நடுவில் இருப்பவர்கள் இரண்டாவதையும் பார்த்துவிட்டு. உச்சியில் இருப்பவர்களுக்கு மூன்றும். இந்தக் கட்டத்தில் பேச்சே கூடாது, வாக்கும் ரகசியம். ஒன்றரை மணி நேரமாக நச்சரித்துக்கொண்டிருந்த கூட்டம் திடீரென்று அடங்கும். பெரும்பான்மை வாக்கு சரியான ஆளின் மேல் விழுந்தால் ஆவிக்கு விடுதலை. வாக்கு சமமாக வந்தால் புள்ளிப்பாதையில் முன்னால் இருப்பவரின் வாக்கு எடுபடும். இரண்டு மூன்று பேர் ஆட்டத்தில் புள்ளிக்கணக்கு கிடையாது, மூன்று அட்டைகளையும் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம்.

பேய்க்கு ஒரு வார்த்தை: கடைசி மூன்று அட்டைகளுக்காகக் கையில் சிலவற்றைச் சேமித்துவைக்க நினைக்காதீர்கள். தொகுப்புகளை முழுதாகப் பார்த்துவிட்டு, கையில் இருப்பதற்கு எது நன்றாகப் பொருந்துகிறதோ அதையே குற்றவாளியாக்குங்கள். விதி அதற்கு இடம் கொடுக்கிறது.

பேய் வாய் திறக்கும்போது

ஆட்டம் முடிந்ததும் அட்டைகளை உடனே அள்ளிப் பெட்டியில் போடாதீர்கள். பேய் பேசட்டும். எந்த அட்டையை எதற்குக் கொடுத்தேன், அதை நீங்கள் என்னவென்று எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் பத்து நிமிடம்தான் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்த பகுதி. ஏணி நண்பருக்கு நீலம் என்று அப்போதுதான் தெரிந்தது. இன்றுவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அம்மா பேயாக இருந்த ஆட்டத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள், அம்மா எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார். கடைசி ஆளை அனுப்பிவிட்டு, "அம்மா, பின்கதவைப் பூட்டியாச்சா?" என்று ஹாலிலிருந்து கேட்டேன்.

அறைக்குள்ளிருந்து ஒரு தட்டு மட்டும் வந்தது.